மயங்கும் சொற்கள், இழக்கும் பணம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து அமைந்துள்ளது திருப்புட்குழி. 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்று. சீதைக்காகப் போரிட்டு உயிர்நீத்த ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். 'புள்' என்றால் பறவை. புள்ளுக்கு அமைந்த குழி, புட்குழி. ளகர மெய் ககரத்தோடு புணரும்போது டகரமாகத் திரியும். அதுவே 'புல்' என்னும் லகரச் சொல்லாக இருந்திருந்தால், ஊரின் பெயர் புற்குழி என்றாகியிருக்கும். ஓரெழுத்து மாறினால் பறவை போய்ப் புல் வந்துவிடும்.

சொல்லின் பொருள் குறித்த வேறொரு வரலாறும் இவ்வூருக்கு உண்டு. இளம் இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றது இங்கேதான் என்று வைணவ மரபு கூறுகிறது. இறைவனின் கண்களை வருணிக்கும் சாந்தோக்கிய உபநிடதத் தொடரில் 'கப்யாஸம்' என்றொரு சொல் வருகிறது. அதற்குக் குரங்கின் பின்புறம் என்று ஆசிரியர் பொருள் சொன்னார். கேட்ட மாணவர் கண்ணீர் விட்டார். அதே சொல்லை வேறு வகையாகப் பிரித்து, நீரைப் பருகும் கதிரவனால் மலர்த்தப்பட்ட தாமரை என்று அவர் பொருள் உரைத்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே விரிசல் தோன்றிய தருணங்களுள் ஒன்றாக இதனை மரபு நினைவுகூர்கிறது.

சொல்லின் பொருளில் கவனம் வேண்டும் என்பது தமிழ் வகுப்பறைக்கும் புதிதன்று. மணம், மனம், அரை, அறை, கரி, கறி என்று மயங்கொலிச் சொற்களைத் தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆங்கில வகுப்பிலும் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. 'அஃபெக்ட்' வேறு, 'எஃபெக்ட்' வேறு. நின்ற இடத்தில் நிற்பதும் 'ஸ்டேஷனரி', எழுதுபொருளும் 'ஸ்டேஷனரி', ஆனால் எழுத்து வேறு என்று ஆசிரியர் விளக்குவார். இவற்றைக் குழப்பிக்கொண்டால் தேர்வில் ஒரு மதிப்பெண் போகும், அதோடு முடிந்தது.

பள்ளிப் பட்டியலில் இடம்பெறாத வேறு சில ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. கடன் பத்திரத்திலும், புடவையின் விலைச்சீட்டிலும், காப்பீட்டுத் தாளிலும் அவை வாழ்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொண்டால் போவது பணம். சில நேரங்களில் வீடு. பொருளியலைக் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், 'சார், இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று தாளும் கையுமாக வருவோரை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லர். பலர் பட்டதாரிகளின் பெற்றோர்; சிலர் பட்டதாரிகளே. ஆங்கிலம் தெரியாததால் வரும் இடர்ப்பாடு என்று மட்டும் இதனைச் சொல்லிவிட முடியாது. தெரியும் என்று நினைக்கிற சொல், தாளில் வேறொரு சொல்லாக இருப்பதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

ஒலியால் மயங்குபவை

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமான சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'ஆர்ட் சில்க்' என்று விலைச்சீட்டில் கண்டதும், கலைநயம் மிக்க பட்டு என்று வெளியூரிலிருந்து வருவோர் பலர் கருதுகின்றனர். இங்கே 'ஆர்ட்' என்பது கலையைக் குறிப்பதன்று. செயற்கை என்று பொருள்படும் 'ஆர்டிஃபிஷியல்' என்ற சொல்லின் சுருக்கம். ரேயான், பாலியெஸ்டர் போன்ற இழைகளால் ஆன துணியையே அது குறிக்கிறது. இந்தச் சுருக்கம் நேற்று வந்ததும் அன்று. 1950-இல் மும்பையில் ஜவுளித் துறைக்கென நிறுவப்பட்ட 'சாஸ்மிரா' ஆராய்ச்சி அமைப்பின் முழுப் பெயரிலேயே, பட்டு ஆலைகளும் 'ஆர்ட் சில்க்' ஆலைகளும் தனித்தனியாகச் சுட்டப்பட்டுள்ளன. வணிகருக்கு நன்கு தெரிந்த வேறுபாடு இது, வாங்குவோருக்குத்தான் தெரிவதில்லை. சீட்டில் எழுதப்பட்டிருப்பது உண்மை என்பதால், ஏமாற்றினார்கள் என்று வழக்குத் தொடுப்பதும் எளிதன்று.

அடுத்தது, கடன் தாள்களில் வரும் 'பிரின்சிபல்'. கொள்கை என்ற பொருளுடைய சொல்லும், அசல் தொகை என்ற பொருளுடைய சொல்லும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே இருக்கும். ஆங்கிலத்தில் கடைசி சில எழுத்துகளே மாறும். கல்லூரித் தலைவரைக் குறிப்பதும் இந்த இரண்டாவது சொல்தான். இதை நினைவில் வைக்கத் தமிழே வழிகாட்டுகிறது. கல்லூரித் தலைவரை 'முதல்வர்' என்கிறோம். வட்டிக்கு அடிப்படையான பணத்தை 'முதல்' என்கிறோம். முதலாவது, முதன்மையானது என்ற கருத்திலிருந்தே ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. முதலும் முதல்வரும் ஒரு சொல். கொள்கை வேறு சொல். இதை அறிந்தவர், தாம் கட்டிய தவணையில் எவ்வளவு முதலுக்குப் போயிற்று, எவ்வளவு வட்டிக்குப் போயிற்று என்று கேட்கத் தொடங்குவார். கடன் வாங்கியவர் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதுதான்.

இவற்றினும் ஆபத்தான இணை, 'செக்யூரிட்டி'யும் 'ஷூரிட்டி'யும். முன்னதைப் பேச்சுவழக்கில் வாயிற்காவலர் என்ற பொருளில் ஆளுகிறோம். வங்கித் தாளில் அது, கடனுக்கு ஈடாக வைக்கும் பொருளைக் குறிக்கும்: நகை, நிலப் பத்திரம், வைப்புத்தொகை. பின்னது பொருளைக் குறிப்பதன்று, ஆளைக் குறிப்பது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்கும் பிணையாளி அவர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் வேறுவகையாகச் சொல்லப்படாத வரையில் பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. கடனாளியைத் துரத்திக் களைத்த பிறகுதான் பிணையாளியிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை.

நம் ஊர்களில் என்ன நடக்கிறது? 'ஒரு சாட்சிக் கையெழுத்துதான், போடுங்கள் அண்ணே' என்று உறவினர் அழைக்கிறார். சாட்சி என்பவர், இன்னார் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று மட்டுமே சொல்பவர். கடனில் அவருக்கு ஒரு காசும் பொறுப்பில்லை. ஆனால் கையெழுத்துக்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும் சொல் 'விட்னஸ்' என்பதா, 'ஷூரிட்டி' அல்லது 'கேரண்டர்' என்பதா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. முன்னதாக இருந்தால் உதவி. பின்னதாக இருந்தால் கடன். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்ற வாதம் பொதுவாக நீதிமன்றத்தில் எடுபடுவதில்லை.

முத்திரைகளும் ஜரிகையும்

ஒலி வேறாக இருந்தும், கருத்து ஒன்றே என்று எண்ணிக் குழம்பும் சொற்களும் உண்டு. 'சில்க் மார்க்' என்ற முத்திரையை 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் இயங்கும் அமைப்பு அறிமுகப்படுத்தியது. 'ஹேண்ட்லூம் மார்க்' 2006-இல் வந்தது. இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். முதல் முத்திரை, இழை தூய பட்டு என்று மட்டும் உறுதி கூறுகிறது. அது கையால் நெய்யப்பட்டதா, விசைத்தறியில் நெய்யப்பட்டதா என்பதைச் சொல்வதில்லை. இரண்டாம் முத்திரை, துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்று மட்டும் கூறுகிறது. இழை பட்டா, பருத்தியா என்பது அதன் வேலையன்று. கையால் நெய்த தூய பட்டு வேண்டுமென்றால் இரண்டையும் பார்க்க வேண்டும். இவற்றுக்கு அப்பால் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அது பொருளை ஊரோடும் அவ்வூரின் நெசவு முறையோடும் இணைக்கும் உரிமை. ஒரு தனி நிறுவனத்துக்குச் சொந்தமான வணிக முத்திரை வேறு. வட்டாரத்துக்கே பொதுவான புவிசார் குறியீடு வேறு.

'கைத்தறி' என்ற சொல்லுக்கே சட்டத்தில் வரையறை இருக்கிறது. சேலை உள்ளிட்ட சில பொருள்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்கிறது. ஆனால் 'கைத்தறி டிசைன்', 'கைத்தறி ஃபினிஷ்' என்று விலைச்சீட்டில் எழுதுவது, கைத்தறி என்று எழுதுவதற்குச் சமமன்று. ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு சொல், முன்னால் நிற்கும் சொல்லை விழுங்கிவிடுகிறது.

ஜரிகையிலும் இவ்வாறே. 'பியூர் ஜரி' என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதன்மேல் பொன்முலாம் பூசியது. 'டெஸ்டட் ஜரி' என்று சந்தையில் சொல்லப்படுவது பெரும்பாலும் செம்பை அடிப்படையாகக் கொண்டது. 'டெஸ்டட்' என்ற சொல்லுக்குச் சோதிக்கப்பட்டது என்பதே அகராதிப் பொருள். சோதித்துத் தேறியது போலும் என்று வாங்குவோர் நிறைவடைகின்றனர். வணிக வழக்கிலோ அது ஒரு தரத்தின் பெயர், அதுவும் தூய ஜரிகைக்குக் கீழான தரத்தின் பெயர். கையால் நெய்தவருக்கு இதனால் நேரும் இழப்பைச் சொல்ல வேண்டியதில்லை. விசைத்தறிப் புடவையும் செயற்கை இழைப் புடவையும் அவருடைய உழைப்பின் பெயரைச் சூடிக்கொண்டு பாதி விலையில் கடைக்கு வரும்போது, குறைவது அவர் கூலிதான்.

ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள்

குழப்பத்துக்கு ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. வெவ்வேறான பல ஆங்கிலச் சொற்களுக்கு நாம் ஒரே தமிழ்ச் சொல்லை வழங்கிவருகிறோம். 'தள்ளுபடி' இதற்குத் தலைசிறந்த சான்று. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் விற்பனையில் விலை குறைந்தால் தள்ளுபடி. நீதிமன்றம் மனுவை ஏற்காவிட்டால் தள்ளுபடி. அரசு பயிர்க்கடனை ரத்து செய்தால் தள்ளுபடி. வங்கி வாராக்கடனைத் தன் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டாலும் தள்ளுபடி.

இவற்றுள் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகப் பெரிய கேடு. 'வெய்வர்' என்பது கடன் கொடுத்தவர் தம் உரிமையைக் கைவிடுவது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு, கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது இவ்வகை. விவசாயி அதற்குமேல் கட்ட வேண்டியதில்லை. 'ரைட் ஆஃப்' என்பது அதுவன்று. நெடுநாள் வசூலாகாத கடனுக்கு இலாபத்திலிருந்து ஈடுசெய்துவிட்டு, வங்கி தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அதை நீக்குவது. கணக்கேட்டில் மறைந்தாலும் கடனாளியின் பொறுப்பு மறைவதில்லை. வசூல் நடவடிக்கைகள் தொடரும். பெருநிறுவனங்களின் கடன் இத்தனை கோடி 'தள்ளுபடி' என்ற தலைப்புச் செய்தியைப் படித்துவிட்டு, 'அவர்களுக்கு மட்டும் மன்னிப்பா?' என்று கொதிப்பவர்களும் உண்டு. 'என் கடனையும் வங்கி நீக்கிவிட்டதாம், இனிக் கவலையில்லை' என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. இருவரும் ஒரே சொல்லால் ஏமாந்தவர்கள். நீக்கப்பட்ட கடனில் வங்கிகள் போதுமான அளவுக்கு வசூலிக்கின்றனவா என்பது நியாயமான கேள்வி. சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்ட பிறகே அக்கேள்வியைக் கூர்மையாகக் கேட்க முடியும்.

2008-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'வெய்வர்' என்றும் 'ரிலீஃப்' என்றும் இரண்டு சொற்கள் இருந்தன. சிறு, குறு விவசாயிகளுக்குத் தகுதியுள்ள தொகை முழுவதும் ரத்து. ஏனையோர் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் எஞ்சிய 25 சதவீதம் குறைக்கப்படும். முன்னது தள்ளுபடி; பின்னது நிபந்தனையுள்ள நிவாரணம். தமிழில் இரண்டும் 'கடன் தள்ளுபடி' என்றே பேசப்பட்டன. தம் பங்கைக் கட்டினால்தான் சலுகை என்பதை அறியாதவருக்கு, சலுகை கைநழுவும். வட்டியோ நிற்காமல் வளரும்.

'கடன்' என்ற சொல்லிலும் இச்சிக்கல் உண்டு. கடையில் 'கிரெடிட்' என்றால் கடன். வங்கிக் குறுஞ்செய்தியில் உங்கள் கணக்கில் 'கிரெடிட்' செய்யப்பட்டது என்றால் வரவு. ஒரே சொல், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு உணர்வுகள். 'டெபிட்' என்றால் கணக்கிலிருந்து பற்று. 'டெப்ட்' என்றால் கடன். டெபிட் கார்டைத் தேய்த்தால் இருக்கும் பணம் போகும். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் இல்லாத பணம் போகும். இந்த ஒரு வரியை மனத்தில் இருத்தினால் போதும்.

மானியமும் அப்படியே. 'சப்சிடி' என்பது விலையிலோ முதலீட்டிலோ அரசு ஏற்கும் பங்கு. 'சப்வென்ஷன்' என்பது வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்பது. நெசவாளர் முத்ரா திட்டத்தில் கடனாளி 6 சதவீத வட்டி கட்டுவது இந்த இரண்டாம் வகையால்தான். அங்கே குறைவது வட்டி. முதல் அப்படியே இருக்கும். மானியக் கடன் என்று கேள்விப்பட்டு, பாதி கட்டினால் போதும் என்று எண்ணுவோர் இந்த வேறுபாட்டை அறிய வேண்டும்.

குடும்பங்களைப் பிரித்துவிடும் சொல் ஒன்றும் இருக்கிறது: 'நாமினி'. வாரிசு என்றே இதனைப் பலர் மொழிபெயர்க்கின்றனர். கணக்குடையவர் இறந்தால் பணத்தைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவரே நாமினி. பெற்ற பணத்தைச் சட்டப்படியான வாரிசுகளுக்கு உரியதாகக் காப்பது அவர் கடமை. காப்பீட்டு வழக்கொன்றில் 1983-இலும், பங்குகள் தொடர்பான வழக்கொன்றில் 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு விலக்கு உண்டு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நியமித்திருந்தால் அவர்களே அத்தொகையின் பயனுரிமையாளர்கள் ஆவர். மூத்த மகன் பெயரை எழுதிவிட்டேன், அவன் தங்கைகளுக்கும் பிரித்துக் கொடுப்பான் என்று நினைக்கும் தந்தை, தாம் எழுதியது எந்தத் தாளில் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேவையெனில் உயில் எழுத வேண்டும்.

எண்களுக்குள் ஒளிந்த சொற்கள்

எண் பொய் சொல்லாது என்பார்கள். எண்ணுக்கு முன்னால் நிற்கும் சொல் சொல்லும். 'ஃபிளாட் ரேட்' 12 சதவீதம், 'ரெட்யூசிங் பேலன்ஸ்' 12 சதவீதம் என்ற இரண்டும் ஒன்றல்ல. ஒரு லட்சம் ரூபாயை 3 ஆண்டு மாதத் தவணையில் வாங்குவதாகக் கொள்வோம். முதல் வகையில், தொடக்கத்தில் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் 3 ஆண்டுகளுக்கு வட்டி போடப்படும்: 36,000 ரூபாய். மாதத் தவணை ஏறத்தாழ 3,778 ரூபாய். இரண்டாம் வகையில், கட்டக் கட்டக் குறைந்துவரும் முதலுக்கு மட்டுமே வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 3,321 ரூபாய். மொத்த வட்டி 19,600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரே 12 சதவீதத்தில் 16,000 ரூபாய்க்கு மேல் வேறுபாடு. முதல் வகையை இரண்டாம் வகைக்கு மாற்றிக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 21 சதவீதம்.

நம் ஊர்க் கணக்கு இதில் தெளிவானது. 'நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி' என்றால் மாதத்துக்கு 1 சதவீதம், ஆண்டுக்கு 12 சதவீதம். பாதி முதலைத் திருப்பிக் கொடுத்தால் மீதிக்குத்தான் வட்டி என்பது ஊரறிந்த வழக்கம். படிக்காத பாட்டிகூடத் திருப்பிக் கொடுத்த பணத்துக்கு வட்டி கொடுக்கமாட்டார். 'ஃபிளாட்' என்ற ஒரு சொல் அந்தப் பாட்டியின் நியாயத்தை மறைத்துவிடுகிறது.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் மற்றோர் இணை. துணிகளுக்கான சரக்கு-சேவை வரியை 2022 ஜனவரி 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்த்த முடிவெடுக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு வலுக்கவே, 2021 டிசம்பர் 31 அன்று கூடிய சரக்கு-சேவை வரி மன்றம் அதைத் தள்ளிவைத்தது. '7 சதவீத உயர்வு' என்று அப்போது பலரும் பேசினர். உயரவிருந்தது 7 சதவீதப் புள்ளிகள். 20,000 ரூபாய்ப் புடவைக்கு 1,000 ரூபாயாக இருந்த வரி 2,400 ரூபாயாகியிருக்கும். அதாவது வரி 140 சதவீதம் கூடியிருக்கும். 7 என்று கேட்டால் சிறிதாகத் தெரியும். 140 என்று கேட்டால் மலைப்பாகத் தெரியும். இரண்டும் ஒரே நிகழ்வு. எதைச் சொல்கிறோம் என்று அறிந்து சொல்வதே நேர்மையான விவாதத்தின் தொடக்கம்.

தறியைக் கட்டிப்போடும் சொல்

எல்லாவற்றினும் எளிதாகத் தோன்றி, மிக ஆழமாகக் காயப்படுத்திய சொல் 'அட்வான்ஸ்'. வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் என்றால் திரும்பி வரும் வைப்புத்தொகை. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் என்றால் கட்டணத்தின் ஒரு பகுதி. வங்கியின் ஆண்டறிக்கையில் 'அட்வான்சஸ்' என்றால் வங்கி கொடுத்த கடன்கள். தறி முதலாளியிடம் நெசவாளி வாங்கும் அட்வான்ஸ் இவற்றுள் எது? கூலியில் கழியும் முன்பணமா, தனியாகத் திருப்ப வேண்டிய கடனா? வாங்கும் நாளில் யாரும் இதைக் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறு முதலாளியிடம் போக நினைக்கும் நாளில்தான் பதில் தெரியவருகிறது. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் ஒரு காலத்தில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் குழந்தைகள் தறியில் அமர்த்தப்பட்ட கொடுமை, ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், தன் வரையறைப் பட்டியலை இந்த 'அட்வான்ஸ்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. பணமாகவோ பொருளாகவோ ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் முன்பணம் என்கிறது சட்டம். கொடுத்தவரைக் கடன் கொடுத்தவர் என்றும், பெற்றவரைக் கடனாளி என்றும் அதே வரியில் பெயரிடுகிறது. முன்பணம் வாங்கிய எல்லோரும் கொத்தடிமைகள் அல்லர். ஆனால், அந்தப் பணத்தின் காரணமாக ஒருவர் வேறிடத்தில் வேலை செய்யும் உரிமையை இழந்தாலோ, பெயரளவிலான கூலிக்கு உழைக்க நேர்ந்தாலோ, சட்டம் குறுக்கிடுகிறது. அத்தகைய கடனைத் திருப்பும் பொறுப்பே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கிறது. ஒரு சொல்லை வரையறுப்பதன் வழியாக மனிதரை விடுவிக்க முயன்ற சட்டம் இது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, ஏற்கெனவே இருக்கும் உரிமையைப் பயன்படுத்த வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் கடன்களுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டிச் சதவீதம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும் என்பதும் அந்த அறிவுறுத்தலிலேயே உள்ளது. 7 நாள்களுக்கு மேற்பட்ட கடன்களுக்கு, அந்த அறிக்கை குறைந்தது 3 வேலைநாள்கள் செல்லுபடியாக வேண்டும். ஆகவே, 'இன்றே கையெழுத்திடுங்கள்' என்ற அவசரத்துக்கு நாம் பணிய வேண்டியதில்லை. தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று, பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கலாம்.

இரண்டாவதாக, தமிழில் மொழிபெயர்த்தால் போதும் என்று நின்றுவிடக் கூடாது. நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் 'தள்ளுபடி' என்று எழுதும் தமிழ்த் தாள், ஆங்கிலத் தாளைவிட அதிகமாகக் குழப்பும். விலைக்குறைப்புக்குக் கழிவு, உரிமையைக் கைவிடுவதற்குக் கடன் தள்ளுபடி, ஏட்டிலிருந்து எடுப்பதற்குக் கணக்கு நீக்கம், நிபந்தனைச் சலுகைக்குக் கடன் நிவாரணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வழங்கலாம். நாமினிக்கு நியமனதாரர், ஷூரிட்டிக்குப் பிணையாளி, செக்யூரிட்டிக்கு ஈடு என்ற சொற்கள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. 1956-இலேயே ஆட்சிமொழிச் சட்டம் கண்டு, ஆட்சிச் சொல்லகராதியும் தொகுத்த மாநிலம் இது. வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நாளேடுகளும் ஒரே பொருளில் ஒரே சொல்லை ஆளத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவதாக, பள்ளியின் ஆங்கில வகுப்பில் கற்பிக்கும் மயங்கொலிப் பட்டியலில் இச்சொற்களையும் சேர்க்க வேண்டும். எழுதுபொருளுக்கும் அசையாமைக்கும் உள்ள வேறுபாட்டை அறியும் மாணவி, சாட்சிக்கும் பிணையாளிக்கும் உள்ள வேறுபாட்டையும் அறியட்டும். வீட்டில் முதன்முதலாக ஆங்கிலத் தாளைப் படித்துச் சொல்லப்போகிறவள் அவள்தான். நெசவாளர் குடியிருப்புகளில் இதனை நாள்தோறும் காணலாம்.

இவை நடக்கும்வரை, ஒவ்வொருவரும் தாமே கைக்கொள்ளக்கூடிய வழி ஒன்று உண்டு. பத்திரம் எதுவானாலும், நம் பெயருக்கு முன்போ பின்போ நிற்கும் சொல் எது, எண்ணுக்கு முன்போ பின்போ நிற்கும் சொல் எது என்று பார்க்க வேண்டும். பெயரை ஒட்டிய சொல் நாம் யார் என்பதைச் சொல்லும்: சாட்சியா, பிணையாளியா, நியமனதாரரா, உரிமையாளரா. எண்ணை ஒட்டிய சொல் நாம் எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சொல்லும்: குறையும் முதலுக்கா, குறையாத முதலுக்கா, மாதத்துக்கா, ஆண்டுக்கா. இந்த இரண்டு சொற்களுக்கும் பொருள் தெளிவாகும்வரை பேனாவின் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. பட்டு வாங்கும்போது முந்தானையைப் பிரித்து, உடலையும் கரையையும் இழை இழையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தக் கவனத்தில் ஒரு பங்கைத் தாளுக்கும் கொடுப்போம்.